வடைச்சட்டி எண்ணெயில் வண்டி ஓடுமா?



பலகாரக் கடை வைத்திருப்பவரானாலும், ஓட்டல் நடத்துபவரானாலும், அவர்களுக்கு எண்ணெய் டின் சப்ளை செய்யும் மளிகைக் கடைக்காரரானாலும், ஒரு கேள்வியை நாம் எல்லோருமே சந்தித்திருக்கிறோம். பொரித்து முடித்த எண்ணெயை என்ன செய்வது? அண்மைக் காலமாக இதற்கு ஒரு புதிய பதிலைப் பலரும் சொல்லி வருகிறார்கள். "பழைய எண்ணெயிலிருந்து டீசல் காய்ச்சலாம், டீசல் செலவே மிச்சம்" என்பதே அது. நமது உறுப்பினர்களில் சிலர் இதைப் பற்றி நம்மிடம் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் செய்தே பார்த்துவிட்டார். ஆகவே கேட்டதையும் பார்த்ததையும் வைத்து, வியாபாரியின் கணக்கோடு இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வண்டி ஓடும். இதில் ஐயமில்லை. 1900-ஆம் ஆண்டு பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்றைக் கடலை எண்ணெய் ஊற்றியே ஓட்டிக் காட்டினார்கள். தங்கள் ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் கடலையைக் கொண்டே எஞ்சின் ஓட்ட முடியுமா என்று அறிய அன்றைய பிரெஞ்சு அரசுக்கு ஆவல். நமது காரைக்காலும் அப்போது அதே பிரெஞ்சு அரசின் கீழ்தான் இருந்தது. புதுச்சேரித் துறைமுகம் வழியாக நமது பக்கத்து நிலக்கடலை மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் ஏறிய காலம் அது. எனவே எண்ணெயில் எஞ்சின் ஓடுவது நமக்கு அந்நியமான சங்கதி அல்ல. அது எப்படி ஓடும், எத்தனை நாள் ஓடும், ஓட்டுவதால் கையில் என்ன நிற்கும் என்பதுதான் கேள்வி.

அப்படியே ஊற்றலாமா?

கூடாது. வடிகட்டிய பழைய எண்ணெயை நேராக டீசல் டாங்கில் ஊற்றி ஓட்டுவதாகச் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். 2002-இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லானெல்லி என்னும் ஊரில் இது ஒரு பெரிய வேடிக்கையாகவே நடந்தது. கடையில் மலிவாகக் கிடைத்த சமையல் எண்ணெயை வாங்கிக் காரில் ஊற்றிக்கொண்டார்கள். எரிபொருள் வரி கட்டவில்லை என்று போலீசார் அவர்களைப் பிடித்து அபராதம் போட்டார்கள். காரின் புகையில் உருளைக்கிழங்கு வறுவல் வாசனை வந்ததே பிடிபடக் காரணம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

வரி ஒருபுறம் இருக்கட்டும். தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு அளவுக்குக் கெட்டியானது. இஞ்செக்டர் அதைப் பனிபோல் தூவ முடியாமல் சொட்டுச் சொட்டாக விடும். சொட்டாக விழுந்தது முழுவதும் எரியாது. இஞ்செக்டர் முனையிலும் பிஸ்டன் வளையத்திலும் கரி பிடிக்கும். எரியாத எண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்து அதைக் கூழாக்கும். பழைய பம்புசெட்டு எஞ்சின் சில மாதம் தாங்கலாம். இன்றைய பி.எஸ்.6 வண்டி தாங்காது. மிக உயர்ந்த அழுத்தத்தில் வேலை செய்யும் அதன் பம்பையும் இஞ்செக்டரையும் மாற்ற ஆகும் செலவைக் கேட்டால், பல வருடம் மிச்சம் பிடித்த டீசல் காசு போதாது.

காய்ச்சும் முறை

ஆகவே எண்ணெயை மாற்ற வேண்டும். எண்ணெயின் ஒவ்வொரு அணுக்கூட்டிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரினோடு பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை அவிழ்த்து, கிளிசரினை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் மெத்தனால் என்னும் சாராய வகையைச் சேர்த்தால் டீசலைப் போல் இளகிய எரிபொருள் கிடைக்கிறது. அதுதான் பயோடீசல். அவிழ்க்கும் வேலையைச் செய்வது காஸ்டிக் சோடா, அல்லது காஸ்டிக் பொட்டாஷ்.

நூறு லிட்டர் எண்ணெய்க்கு மெத்தனால் ஏறக்குறைய 20 லிட்டர். எண்ணெயை வடிகட்டி, காய்ச்சித் தண்ணீரைப் போக்கி, 55 டிகிரி அளவுச் சூட்டில் வைத்துக்கொண்டு, காஸ்டிக் கரைத்த மெத்தனாலைச் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு இரவு முழுவதும் அசையாமல் விட்டால் கரிய கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பது பயோடீசல். அதைத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை கழுவி, சோப்பையும் மிஞ்சிய மெத்தனாலையும் நீக்கி, மறுபடி உலர்த்த வேண்டும்.

காஸ்டிக் எவ்வளவு போடுவது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. புது எண்ணெய்க்கு லிட்டருக்கு மூன்றரை கிராம் போதும். பழைய எண்ணெயில் சூட்டாலும் தண்ணீராலும் கொழுப்பு அமிலம் பிரிந்து கிடக்கும். அது காஸ்டிக்கைத் தின்று சோப்பாகிவிடும். தின்றதுபோக மூன்றரை கிராம் மிஞ்ச வேண்டும். எவ்வளவு தின்னும் என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும். ஒரு மில்லி எண்ணெயைப் பத்து மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்து, லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்த காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சாயத்துக்கு நம் கடை மஞ்சள் தூளே போதும், காரம் மிகுந்ததும் சிவந்துவிடும். குங்குமம் உண்டாகும் அதே சங்கதிதான். மூன்று மில்லி பிடித்தால் லிட்டருக்கு மூன்று கிராம் கூடுதல், ஆக ஆறரை கிராம். பத்து மில்லிக்கு மேல் பிடிக்கும் எண்ணெயில் டீசலை விடச் சோப்புதான் அதிகம் வரும்.

எல்லாப் பழைய எண்ணெயும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியாததல்ல. அப்பளம், வாழைக்காய் வறுவல் போட்ட எண்ணெய் நல்ல எண்ணெய். மாவு உதிரும் பஜ்ஜி எண்ணெய் நடுத்தரம். மீனும் கோழியும் பொரித்தது கடைசித் தரம். அதில் தண்ணீர், உப்பு, மசாலா, இறைச்சிக் கொழுப்பு எல்லாம் கலந்திருக்கும். கடற்கரை ஊரான நமக்கு இந்தக் கடைசித் தரமே அதிகம் சேரும்.

(திருநள்ளாறு நளதீர்த்தத்தில் பக்தர்கள் தேய்த்துக் குளிக்கும் நல்லெண்ணெயை இதற்குப் பயன்படுத்தலாமா என்றும் ஒரு நண்பர் கேட்டார். தண்ணீரும் சீயக்காயும் சேர்ந்த எண்ணெயில் இந்தக் காய்ச்சல் நடக்காது. அது வேறு கதை.)

நண்பர் செய்து பார்த்தது

நமது உறுப்பினர் ஒருவர் காரக் கடை வைத்திருக்கிறார். மின்தடைக்காகக் கடையில் ஒரு டீசல் ஜெனரேட்டர் உண்டு. பாலிடெக்னிக் படித்த அவரது அக்காள் மகன் ஒருநாள் வந்து, "மாமா, இந்த எண்ணெயைச் சும்மா தூக்கிப் போடுறீங்களே, நான் டீசலாக்கித் தாரேன்" என்றிருக்கிறான். இவரும் சரி என்றார். பின்கட்டில் ஒரு பீப்பாயும், ஒரு பழைய மோட்டாரும் வைத்து நாற்பது லிட்டர் காய்ச்சினார்கள். நாமும் போய்ப் பார்த்தோம். நிறம் பார்க்கத் தேன் போல இருந்தது.

ஜெனரேட்டர் முதல் தடவையே எடுத்துக்கொண்டது. கறும்புகை குறைந்திருந்தது. கடை முழுக்க முறுக்கு வாசனை. பையனைப் பாராட்டாதவர் இல்லை. ஆனாலும் வியாபாரி வியாபாரிதானே! நண்பர் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதி வைத்தார். அதே விளக்குகள், அதே கிரைண்டர், பத்து மணி நேரத்துக்கு டீசல் 21 லிட்டர் பிடித்தது. பயோடீசல் 23 லிட்டர் பிடித்தது.

பிறகு ஐப்பசி மழை வந்தது. டாங்கில் பாதி எரிபொருள் இரண்டு வாரம் கிடந்தது. மின்சாரம் போன ஒரு மாலை, தீபாவளிச் சரக்கு அடுப்பில் இருக்கும்போது, ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி நின்றது. மெக்கானிக் வந்து பில்டரைக் கழற்றினார். உள்ளே வெண்ணெய் போல ஏதோ அப்பியிருந்தது. "அண்ணே, இதில சோப்பு போட்டுத் துணி துவைக்கலாம் போலிருக்கே" என்றார் மெக்கானிக். உண்மையிலேயே அது சோப்புதான். அவசரத்தில் ஒரே முறை கழுவியிருக்கிறார்கள், சரியாக உலர்த்தவில்லை, மழைக்காலத்து ஈரக்காற்றிலும் தண்ணீர் ஏறியிருக்கிறது. டீசலைக் காட்டிலும் பயோடீசல் பல மடங்கு தண்ணீரைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்ளும். நமது கடற்கரைக் காற்றில் அது இன்னும் அதிகம். பில்டரும் ரப்பர் குழாயும் மாற்ற வேண்டியதாயிற்று. இயற்கை ரப்பரையும் சாதாரண ரப்பரையும் பயோடீசல் ஊறவைத்து இளக்கிவிடும் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அன்று அடுப்பில் இருந்த சரக்கைப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எடுத்து முடித்தார்கள்.

தரம் என்பது எது?

வாகனத்துக்கான பயோடீசலுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த தரம் உண்டு. ஐ.எஸ். 15607 என்பது அதன் எண். அதன்படி நூற்றுக்கு 96.5 பங்காவது முழுமையாக மாறிய பயோடீசலாக இருக்க வேண்டும். தண்ணீர் ஒரு கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அதாவது பத்தாயிரத்தில் ஐந்து பங்கு. மெத்தனால் 0.20 சதவீதத்துக்கு மேல் கூடாது. தனித்து நிற்கும் கிளிசரின் 0.02 சதவீதத்துக்குள், மொத்தக் கிளிசரின் 0.25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அமில எண் 0.50-ஐத் தாண்டக் கூடாது.

இவற்றை வீட்டுப் பின்கட்டில் அளக்க முடியாது, ஆய்வுக்கூடம் வேண்டும். எனினும் மோசமானதைக் கண்டுபிடிக்கச் சில எளிய சோதனைகள் உண்டு. 3 மில்லி பயோடீசலை 27 மில்லி மெத்தனாலில் விட்டுக் குலுக்கினால் முழுவதும் கரைய வேண்டும். அடியில் எண்ணெய் துளியாகத் தங்கினால் மாறாத எண்ணெய் மிச்சம் இருக்கிறது என்று பொருள். காய்ந்த கரண்டியில் சிறிது விட்டுச் சூடாக்கும்போது படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. பாதி புட்டியில் பயோடீசலும் பாதி தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்கி வைத்தால் சில நிமிடங்களில் இரண்டும் தெளிவாகப் பிரிய வேண்டும். நடுவில் மோர் போல ஒரு படலம் நின்றால் சோப்பு. நண்பர் வீட்டுப் பயோடீசலில் பின்னால் இதைச் செய்து பார்த்தபோது பாதிப் புட்டி மோராகத்தான் நின்றது.

குளிர்நாடுகளில் பாமாயில் பயோடீசல் உறைந்து போகும் என்று பெரிதாக எழுதுகிறார்கள். அது நமக்குக் கவலையில்லை. மார்கழி விடியற்காலையிலும் நம் ஊரில் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. நமக்குப் பகை ஈரம்தான்.

ஒரு நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கப்படும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் மிகவும் குறைக்கப்பட்டுள்ளது. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வழுவழுப்பும் சேர்ந்து போகிறது. நல்ல பயோடீசல் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கலந்தாலே அந்த வழுவழுப்பு திரும்பி வந்துவிடும். பம்பின் தேய்மானம் குறையும். ஆனால் அது தரமான பயோடீசலுக்குத்தான் பொருந்தும், சோப்புக் கூழுக்கு அல்ல.

மைலேஜ் கணக்கு

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் சக்தி இருக்கிறது. ஒரு லிட்டர் பயோடீசலில் 33. எட்டு சதவீதம் குறைவு. பயோடீசலிலேயே பத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் இருப்பதுதான் காரணம். அந்த ஆக்சிஜனால் புகை குறைகிறது, அதே ஆக்சிஜனால் சக்தியும் குறைகிறது.

சரக்கு ஏற்றும் சிறிய வண்டி டீசலில் லிட்டருக்கு 18 கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொள்வோம். முழுப் பயோடீசலில் அது பதினாறரை ஓடும். நூற்றுக்கு இருபது பங்கு கலந்தால் 17.7 ஓடும். இந்த இரண்டாவது வித்தியாசத்தை ஓட்டுநரால் உணரவே முடியாது. டயரில் காற்று குறைந்தாலும் ஒரு மூட்டை கூடுதலாக ஏற்றினாலும் அதைவிட அதிகம் போகும். ஆகவே "பயோடீசல் போட்டதும் மைலேஜ் கூடியது" என்று யாராவது சொன்னால், அவர் அன்றைக்கு வண்டியைக் காலியாக ஓட்டியிருப்பார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது பணக் கணக்கு. பழைய எண்ணெய் லிட்டர் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு லிட்டருக்கு 5,000. கசிவும் வீணும் சேர்த்து மெத்தனால் 22 லிட்டர், லிட்டர் 50 வீதம் 1,100. காஸ்டிக்கும் சோதனைச் சாமானும் 100. விறகு, கரண்ட், கழுவும் தண்ணீர், வடிதுணி 300. ஓர் ஆள் கூலி 600. ஆக 7,100 ரூபாய். கையில் வருவது 90 லிட்டர். லிட்டர் அடக்கம் 78 ரூபாய் 90 காசு.

டீசல் 86 ரூபாய் என்றால் லிட்டருக்கு ஏழு ரூபாய் லாபம் என்று தோன்றும். அங்கேதான் எட்டு சதவீதத்தை மறந்துவிடுகிறார்கள். இந்த 90 லிட்டர் செய்யும் வேலையை 82.8 லிட்டர் டீசல் செய்துவிடும். அந்த டீசலின் விலை 7,120 ரூபாய் சொச்சம். நாள் முழுக்க அடுப்படியில் நின்றதற்கு மிச்சம் இருபது ரூபாய்! பீப்பாய், மோட்டார், மாற்றிய பில்டர் எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. மதிப்புக் கூட்டு வரி குறைவாக இருப்பதால் நமது டீசல் விலை வாஞ்சூருக்கு அந்தப்பக்கமும் பூவத்துக்கு அந்தப்பக்கமும் இருப்பதைவிடக் குறைவு. புதுச்சேரி அரசு 2025 ஜனவரியில் வரியை உயர்த்திய பிறகும் அந்த ஆண்டில் இங்கே 86 ரூபாயை ஒட்டியே இருந்தது, தமிழ்நாட்டில் 92-க்கு மேல். நாகப்பட்டினத்து வியாபாரிக்கு லிட்டருக்கு ஏதோ கொஞ்சம் நிற்கும் கணக்கு, காரைக்கால் வியாபாரிக்கு நிற்பதில்லை. "என் கடை எண்ணெய்தானே, அதற்கு ஏன் 50 ரூபாய் போட வேண்டும்?" என்று நமது நண்பரும் கேட்டார். வெளியே விற்றால் வரக்கூடிய பணம் அது. அடக்கத்தில் சேர்க்காமல் இருப்பது கல்லாவில் இருந்து எடுத்த பணத்தைச் செலவில் எழுதாமல் விடுவதற்குச் சமம்.

மெத்தனால் என்னும் ஆபத்து

இருபது ரூபாய் மிச்சத்தைவிடப் பெரிய சங்கதி இது. மெத்தனால் பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் போலவே இருக்கும். பத்து மில்லி உள்ளே போனாலே கண் பார்வை போகலாம், முப்பது மில்லியில் உயிரே போகலாம். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டிலும் காரணம் மெத்தனால்.

விஷப் பொருட்களுக்கான சட்டத்தின் கீழ் வருவது இது. உரிய அனுமதியின்றி வாங்கவோ சேர்த்து வைக்கவோ கூடாது. எல்லையின் ஒவ்வொரு வாயிலிலும் சோதனைச் சாவடி உள்ள மாவட்டம் நம்முடையது. குடோனில் ஒரு பீப்பாய் மெத்தனால் பிடிபட்டால் "டீசல் காய்ச்ச வைத்திருந்தேன்" என்று சொல்லி நம்ப வைப்பது எளிதல்ல. அதைவிட, இரவு குடோனில் தங்கும் கூலியாள் ஒருவர் தெரியாமல் எடுத்துக் குடித்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? தீப்பிடிக்கும் தன்மையும் அதிகம், சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் அடுக்கிய இடத்தில் வைக்கும் பொருளே அல்ல. தீ விபத்துக் காப்பீடு எடுக்கும்போது சொல்லாத சரக்கு குடோனில் இருந்தால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல்தான்.

இன்னொன்று. தானே காய்ச்சித் தன் ஜெனரேட்டரில் ஊற்றுவது ஒன்று, அடுத்தவர் வண்டிக்கு விற்பது வேறு. வாகனங்களுக்குப் பயோடீசல் விற்பதற்கு மத்திய அரசு 2019 ஏப்ரலில் விதிமுறை வெளியிட்டிருக்கிறது. பதிவும் தரச் சான்றும் இல்லாமல் விற்க முடியாது.

அப்படியானால் எண்ணெய் எங்கே போகிறது?

இதுவரை சொன்னது கணக்கு. இனிச் சொல்வது நமது பெயர் சம்பந்தப்பட்டது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் 2018 ஜூலை முதல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. திரும்பத் திரும்பச் சூடாக்கும் எண்ணெயில் 'போலார் கூட்டுப்பொருள்' என்னும் கெட்டுப்போன பகுதி 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 2019 மார்ச் முதல், நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் நிறுவனங்கள் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழித்தோம், யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். கழித்த எண்ணெயை அங்கீகாரம் பெற்றவர்களிடமே கொடுக்க வேண்டும். 'ரூகோ' என்று பெயரிட்டு 2018 ஆகஸ்டில் ஆணையம் தொடங்கிய திட்டமே பழைய எண்ணெயைப் பயோடீசலுக்குத் திருப்புவதற்குத்தான். 2022-க்குள் ஆண்டுக்கு 220 கோடி லிட்டர் சேர்க்கலாம் என்றார்கள். 2019 ஆகஸ்டில் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களும் இத்தகைய பயோடீசலை முதல் ஆண்டு லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தன. ஆனால் 2030-க்குள் டீசலில் நூற்றுக்கு ஐந்து பங்கு பயோடீசல் என்று 2018 கொள்கையில் எழுதியதற்கு, 2024 வரை ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. முன்பு காட்டாமணக்கை நம்பி நிலத்தில் நட்ட விவசாயிகளுக்கு நேர்ந்த அதே கதைதான். அங்கே விளையவில்லை, இங்கே வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்பது நமக்குத் தெரியும். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். பெரிய ஓட்டலில் கழித்த எண்ணெயைச் சிறிய கடைக்காரர் வாங்குகிறார். அவர் கழித்ததைத் தள்ளுவண்டிக்காரர் வாங்குகிறார். பயோடீசல் கம்பெனி கொடுக்கும் விலையைவிடக் கூடக் கொடுத்தாலும் அவருக்குப் புது எண்ணெயைவிட மலிவு. நடுவில் ஒருவர் அதை வடிகட்டி, நிறம் தெளிய வைத்து, புது எண்ணெயோடு கலந்து, சில்லறையில் அளந்து விற்றால், பழி வந்து விழுவது மளிகைக் கடையின் மேல்தான். சமையல் எண்ணெயைச் சீல் வைத்த உறையிலன்றிச் சில்லறையாக விற்கக் கூடாது என்று 2011-ஆம் ஆண்டின் விதியே சொல்கிறது. ஆனாலும் நம்மில் எத்தனை கடையில் இன்னும் எண்ணெய்ப் பம்பு இருக்கிறது என்பதை அவரவரே அறிவோம். நோன்பு மாத மாலைகளில் வாடாவும் சமோசாவும் வாங்கக் கூட்டம் நிற்கிறது, மாங்கனித் திருவிழாவிலும் சனிப்பெயர்ச்சியிலும் வெளியூர்க்காரர் ஆயிரக்கணக்கில் நம் ஊரில் சாப்பிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

உலகச் சந்தையோ வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. துபாயில் ஒரு பெரிய உணவகக் கம்பெனி 2011 முதலே தன் கடைகளில் கழித்த எண்ணெயில் தயாரித்த பயோடீசலில் தன் லாரிகளை ஓட்டுகிறது. ஐரோப்பாவில் பழைய எண்ணெய்க்குக் கிராக்கி ஏறி, புதுப் பாமாயிலையே பழையது என்று சொல்லி விற்கிறார்களோ என்று விசாரணை நடத்தும் அளவுக்குப் போயிற்று. 2025 ஆகஸ்டில் நமது இந்தியன் ஆயிலின் பானிபட் சுத்திகரிப்பு ஆலை, பழைய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்கச் சர்வதேசச் சான்று பெற்றது. வாங்க ஆள் இருக்கிறது என்பதற்கு இவை போதும்.

நமக்கு உள்ள இடைஞ்சல் அளவுதான். சேகரிப்பவரின் வண்டி வெளியூரிலிருந்து வர வேண்டும். ஒரு கடையின் இரண்டு டின்னுக்காக வரமாட்டார். பாரதியார் சாலையிலும் திருநள்ளாறு வீதியிலும் மாதா கோயில் வீதியிலும் உள்ள கடைகள் சேர்ந்து ஒரே இடத்தில் வைத்தால் வருவார். திருநள்ளாற்று ஓட்டல்களும் கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் கடைகளும் சேர்ந்தால் விலையும் பேசலாம். தனித்தனியாகக் காய்ச்சி இருபது ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட, சேர்த்துக் கொடுத்து லிட்டருக்கு நியாயமான விலையும் ஒரு ரசீதும் வாங்குவது மேல் என்பது நமது அபிப்பிராயம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து பதிவேடு கேட்கும் நாளில் அந்த ரசீதின் அருமை தெரியும்.

நமது காரக்கடை நண்பர் இப்போது ஜெனரேட்டருக்கு டீசல்தான் ஊற்றுகிறார். அக்காள் மகன் கோபித்துக்கொள்ளவில்லை. எண்ணெய் சோதிக்கும் வேலையை அவனிடமே கொடுத்திருக்கிறார். மஞ்சள் தூளும் சொட்டுக் குழாயும் வைத்துக்கொண்டு எந்த டின் முதல் தரம், எது கடைசித் தரம் என்று சாக்பீசால் எழுதி வைக்கிறான். பின்கட்டில் பதினொரு டின் நிற்கிறது.

சேர்ந்து கொடுக்க விரும்பும் உறுப்பினர்கள் வாரத்துக்கு எத்தனை டின் கழிகிறது, என்ன பொரித்த எண்ணெய் என்பதை ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைக்கலாம். எண்ணெய் ஆறிய பிறகு வடிகட்டி, மூடியுள்ள டின்னில் ஊற்றவும். கழுவிய டின்னானால் வெயிலில் காய வைத்த பிறகே ஊற்றவும். மீன், கோழி பொரித்த எண்ணெயைத் தனி டின்னில் வைக்கவும். எண்ணெயைக் கொட்டக் கூடாத இடம் ஒன்று உண்டு. அது கடை வாசல் சாக்கடை. அங்கே கொட்டுவது அரசலாற்றுக்குத்தான் போய்ச் சேருகிறது.